சி.டி. எடுக்காமலே அப்பாவைக் குப்புறப் போட்டது சரியா?

கேட்டவர் பெரம்பூர்க்காரர். அப்பாவுக்கு 58 வயது. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நுரையீரலைத் தாக்கி, வென்டிலேட்டரில் இன்று இரண்டாம் நாள். நேற்று இரவு ஐ.சி.யூ.வில் அவரைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டார்கள். அதற்கு முன் சி.டி. எடுக்கவில்லை. ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து மார்பிலும் விலாவிலும் வைத்துப் பார்த்தார்களாம், அவ்வளவுதான். “உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம எப்படித் திருப்பலாம்? சி.டி. எடுத்துட்டுத்தானே முடிவு பண்ணணும்?” என்று சித்தப்பா சண்டைக்கு நிற்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

சென்னையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன் நான். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அதனால் அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பொதுவாகச் சொன்னால், திருப்பியது சரி. சி.டி.க்காகக் காத்திருக்காததும் பெரும்பாலும் சரி. ஆனாலும் சித்தப்பாவின் கேள்வி லேசுப்பட்டதல்ல. படத்தைப் பார்த்து யாரைத் திருப்புவது, எப்படித் திருப்புவது என்று முடிவு செய்ய முடியுமா என்று எங்கள் துறையே பல ஆண்டுகளாகத் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நிமோனியா, லெப்டோ எனும் எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், ஃப்ளூ, கொரோனா, காரணம் எதுவானாலும் நுரையீரலின் மெல்லிய சுவர்கள் கசியத் தொடங்கினால் காற்றறைகளுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. இதைத்தான் ஏ.ஆர்.டி.எஸ். என்கிறோம். 1967இல் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலில் விவரித்தார்கள். ஊறிய நுரையீரல் கனக்கும். பக்கெட்டில் ஊறப்போட்ட துணியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள துணி பொதபொதவென்று இருக்கும், அடியில் உள்ளது மேலிருக்கும் அத்தனை எடையையும் வாங்கி நசுங்கிக் கிடக்கும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு அடி என்பது முதுகுப்பக்கம். நுரையீரலின் பெரும்பகுதி இருப்பதும் அங்கேதான். போதாக்குறைக்கு இதயம் வேறு இடது நுரையீரலின் மேல் உட்கார்ந்திருக்கிறது, வயிறு உதரவிதானத்தின் பின்பக்கத்தை நெஞ்சுக்குள் தள்ளுகிறது. ரத்த ஓட்டமோ முதுகுப்பக்கத்துக்குத்தான் அதிகம் போகிறது. காற்று போகாத இடத்துக்கு ரத்தம் போய், ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளாமல் வெறுங்கையோடு திரும்புகிறது. வென்டிலேட்டரில் ஆக்சிஜனை எவ்வளவு கூட்டினாலும் அளவு ஏறாமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

குப்புறத் திருப்பினால் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு விடை சொன்னது சி.டி. படம்தான். அந்தக் கதை எனக்குப் பிடித்தமானது. 1976லேயே ஐந்து நோயாளிகளைக் குப்புறப் போட்டு, ஆக்சிஜன் ஏறுகிறது என்று எழுதிவிட்டார்கள். ஏன் ஏறுகிறது என்பதற்குப் பின்னால் மிலான் நகரத்து லூசியானோ கட்டினோனியின் குழு ஒரு விளக்கம் வைத்திருந்தது. முன்பக்க நுரையீரல் நன்றாக இருக்கிறது. குப்புறப் போட்டால் அது கீழே வரும், ரத்தம் புவியீர்ப்பால் அங்கே இறங்கும், நல்ல காற்றும் ரத்தமும் ஒரே இடத்தில் சேரும். கேட்க அழகான விளக்கம். குப்புறக் கிடந்தபடியே சி.டி. எடுத்துப் பார்த்தால் அது பொய்த்துப்போனது. சில நிமிடங்களிலேயே முதுகுப்பக்கத்து வெள்ளைத் திட்டுகள் கரைந்து, புதிய திட்டுகள் மார்புப்பக்கம் வந்திருந்தன. நோயுற்ற பகுதி என்று தனியாக ஒன்று முதுகில் இருக்கவில்லை. நுரையீரல் முழுக்கவே ஊறியிருந்தது, எந்தப் பக்கம் அடியில் இருக்கிறதோ அந்தப் பக்கம் நசுங்கியது. ரத்த ஓட்டமும் எதிர்பார்த்தபடி இடம் மாறவில்லை. குப்புறப் படுத்தாலும் அது பெரும்பாலும் முதுகுப்பக்கமே போகிறது. ஆக, ரத்தம் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த இடத்துக்கு இப்போது காற்றும் வந்து சேர்கிறது.

அதே சி.டி. படங்கள் இன்னொன்றையும் காட்டின. கடுமையான ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் காற்று நிரம்பி வேலை செய்யும் பகுதி, ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுக்குத்தான் மிஞ்சுகிறது. ‘பேபி லங்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பெரிய ஆளுக்கு வேண்டிய மூச்சையெல்லாம் அந்தக் குட்டி நுரையீரலுக்குள் ஊதினால் அது கிழியும். 2000இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி ஊதுவதற்குப் பதில் 6 மில்லி ஊதியதும் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. குப்புறப் போடுவதும் இதே காரியத்தைத்தான் இன்னொரு வழியில் செய்கிறது. ஊதும் காற்று முன்பக்கத்தை மட்டும் பலூனாக்காமல் முன்னும் பின்னும் ஓரளவு சமமாகப் பரவுகிறது.

இதற்குச் சான்று உடனே கிடைத்துவிடவில்லை. 2001இல் கட்டினோனியே நடத்திய ஆய்வில் நாளைக்குச் சில மணி நேரம் மட்டும் திருப்பினார்கள். ஆக்சிஜன் ஏறியது, உயிரிழப்பு குறையவில்லை. பிறகு 2013இல் கிளோட் கெரின் தலைமையில் பெரும்பாலும் பிரான்ஸ் ஐ.சி.யூ.க்களில் நடந்த ப்ரோசேவா ஆய்வு வந்தது. 466 நோயாளிகள், திருப்பினால் ஒரே மூச்சில் குறைந்தது 16 மணி நேரம். 28 நாளில் இறந்தவர்கள் மல்லாந்து படுத்திருந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புறப் படுத்தவர்களில் 16 சதவீதம். ஐ.சி.யூ. மருத்துவத்தில் இப்படிப் பாதிக்குப் பாதி குறைக்கும் சிகிச்சை அபூர்வம். அதற்கு விலை உயர்ந்த மருந்தோ இயந்திரமோ வேண்டாம். தலையணையும் ஐந்து பேரும் போதும்.

இங்கேதான் சித்தப்பாவுக்கான பதில் இருக்கிறது. அந்த ஆய்வில் யாரைத் திருப்புவது என்று முடிவு செய்தது சி.டி. படம் அல்ல. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை இருக்க வேண்டும், அதற்கு மேல் எண்கள்தான். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். பி.எஃப். விகிதம் என்போம். நல்ல நுரையீரலுக்கு அது 400க்கு மேல் இருக்கும். 60 சதவீத ஆக்சிஜனோ அதற்கு மேலோ கொடுத்தும், வென்டிலேட்டரைச் சரியாக வைத்தும், அது 150க்குக் கீழேயே நின்றால் திருப்பு. அவ்வளவுதான் விதி. வென்டிலேட்டர் வைத்த முதல் ஒன்றிரண்டு நாளுக்குள்ளேயே திருப்பினார்கள், கடைசி அஸ்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் அப்பாவை முதல் நாள் இரவே திருப்பியிருப்பது அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

அதற்காகச் சி.டி.யை வேண்டாம் என்று சொல்லவில்லை. நுரையீரலைப் பார்ப்பதற்கு அதை மிஞ்சிய படம் இல்லை. ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவரைச் சி.டி. அறைக்குக் கொண்டுபோவதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். ஆக்சிஜன் சிலிண்டர், எடுத்துச் செல்லும் வென்டிலேட்டர், அது நின்றுபோனால் கையால் ஊத ஆம்பு பேக், ரத்த அழுத்த மருந்து ஓடும் நான்கு பம்புகள், கூடவே ஒரு மருத்துவர், ஒரு நர்ஸ், ஒரு அட்டெண்டர். ஐ.சி.யூ. நான்காம் மாடி, சி.டி. தரைத்தளம். லிஃப்ட் வரும்வரை மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு நிமிடம் இருக்கிறதே, அதற்குள் தலைமுடி நரைத்துவிடும். பி.எஃப். 90 இருக்கும் ஒருவரை இதற்கெல்லாம் உட்படுத்தினால் கிடைப்பது ஒரே ஒரு நேரத்துப் படம். திருப்பியதும் அந்தப் படம் பழையதாகிவிடும்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், சென்னையில் இருந்தவர்களுக்கு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. “சி.டி. ஸ்கோர் எவ்வளவு?” பரீட்சை மார்க் கேட்பது மாதிரி 25க்கு எத்தனை என்று கேட்போம். நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். 10 வாங்கிய இருவரில் ஒருவருக்கு அடிமடல்கள் மட்டும் கல்லாக இறுகியிருக்கும், மற்றவருக்கு ஐந்து மடல்களிலும் அங்கங்கே மூடுபனி போல மெல்லிய வெண்மை பரவியிருக்கும். வென்டிலேட்டரை இருவருக்கும் ஒரே மாதிரி வைக்கக் கூடாது. அந்த வித்தியாசம் மார்க்கில் வராது, படத்தில்தான் வரும்.

இந்த வித்தியாசத்தை வைத்தே சிகிச்சையைப் பிரித்தால் என்ன என்று பிரான்ஸில் ஒரு ஆய்வு நடந்தது. 2019இல் வெளியான லைவ் ஆய்வு, 400 நோயாளிகள். அடிப்பகுதி மட்டும் இறுகியவர்களுக்குக் குறைந்த பீப் வைத்துக் குப்புறப் போடுவது. பீப் என்றால் மூச்சை விட்டு முடித்த பிறகும் காற்றறை மூடிக்கொள்ளாமல் வென்டிலேட்டர் தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். முழுக்கப் பரவியவர்களுக்கு அதிக பீப் வைத்து மூடிய அறைகளைத் திறக்கப் பார்ப்பது. மொத்தத்தில் உயிரிழப்பு குறையவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் 85 பேரை, அதாவது ஐந்தில் ஒருவரை, படம் பார்த்தவர்கள் தவறான வகையில் சேர்த்திருந்தார்கள். தவறான வகைக்குரிய சிகிச்சை பெற்றவர்களின் நிலை மோசமானது. படம் பார்த்துச் சிகிச்சை செய்வது என்றால் படத்தைச் சரியாகப் படிப்பதும் அதில் அடக்கம். படுக்கையிலேயே எடுக்கும் மங்கலான எக்ஸ்ரேயை நள்ளிரவு இரண்டு மணிக்குப் பார்த்து ‘இது பரவியது, அது அடிப்பகுதி’ என்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை.

ஆகவே என் கட்சி இது: படத்தைக் காட்டி ஒருவரைத் திருப்பாமல் விடுவதற்கு இன்று நம்மிடம் ஆதாரம் இல்லை. எண்கள் சொன்னால் திருப்ப வேண்டியதுதான். படத்தின் வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

முன்னால் என்ன வேலை? இது ஏ.ஆர்.டி.எஸ். தானா என்று உறுதி செய்வது. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஆக்சிஜன் திடீரென்று விழுந்த ஒரு நோயாளியைத் திருப்புவதற்கு ஐந்து பேரையும் கூப்பிட்டுக் கட்டிலைச் சுற்றி நிறுத்திவிட்டேன். என் ஜூனியர், “சார், ஒரு நிமிஷம்” என்று அல்ட்ராசவுண்ட் ப்ரோபை இடது மார்பில் வைத்தார். மூச்சுக்கேற்ப நுரையீரல் வழுக்கி நகர வேண்டும். அது நகரவில்லை, இதயத் துடிப்பின் அதிர்வு மட்டும் அதில் தெரிந்தது. வலது பக்கம் நன்றாக அசைந்தது. மூச்சுக்குழாயில் வைத்த ட்யூப் ஆழமாக இறங்கி வலது கிளைக்குள் போயிருக்கிறது, இடது பக்கத்துக்குக் காற்றே போகவில்லை. 3 சென்டிமீட்டர் வெளியே இழுத்தோம். ஐந்து பேரும் டீ குடிக்கப் போனார்கள். அவசரப்பட்டவன் நான், காப்பாற்றியது அந்தப் பையனின் ப்ரோப்.

இப்படி மாறுவேடம் போட்டு வருபவை நிறைய. நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியிருக்கலாம், அதற்கு ட்யூப் போட வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கியிருக்கலாம், ஊசி போட்டு எடுக்கலாம். சளி அடைத்து ஒரு மடல் மூடியிருக்கலாம், ப்ராங்கோஸ்கோப் விட்டு உறிஞ்சலாம். இதயம் பழுதாகி நீர் கோத்திருக்கலாம். நோய் ஒரு நுரையீரலில் மட்டும் என்றால் குப்புறப் போடாமல், நல்ல நுரையீரல் கீழே வரும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே சில நேரம் போதும். உங்கள் அப்பாவுக்குத் திருப்பும் முன் அந்தச் சின்னக் கருவியால் பார்த்தது இவற்றையெல்லாம் விலக்கத்தான் இருக்க வேண்டும். அதில் பிழையில்லை. 2023இல் திருத்திய ஏ.ஆர்.டி.எஸ். வரையறை, பழகிய கைகள் செய்த அல்ட்ராசவுண்டையும் எக்ஸ்ரே, சி.டி.யோடு சேர்த்து ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்தக் கருவி எப்படிப் பார்க்கிறது என்றால், காற்று நிறைந்த நுரையீரல் ஒலியலையைத் திருப்பி அடிக்கும், திரையில் படுக்கைக் கோடுகள் வரும். நீர் கோக்கத் தொடங்கினால் மேலிருந்து கீழே டார்ச் அடித்த மாதிரி செங்குத்துக் கோடுகள். காற்றே இல்லாமல் இறுகிவிட்டால் நுரையீரல் ஈரல் மாதிரி திடமாகத் தெரியும். மார்பை 12 பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட்டால் மொத்தம் 36. மார்க் போடும் ஆசை நம்மை விடாது போல! ஆனால் இந்த மார்க்கை ஒரே நாளில் நான்கு முறை, கட்டிலை விட்டு நகராமல் போட முடியும். அதுதான் லாபம். குப்புறப் படுத்திருக்கும்போது முதுகு முழுக்க ப்ரோபுக்குக் கிடைக்கிறது. காலையில் ஈரல் போலிருந்த இடத்தில் மாலையில் செங்குத்துக் கோடுகள் வந்தால் காற்று உள்ளே நுழைகிறது என்று அர்த்தம்.

அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். அளவுக்கு மேல் ஊதிப்போன நுரையீரலும் நல்ல நுரையீரலும் அல்ட்ராசவுண்டில் ஒன்று போலவே தெரியும். அந்த ஆபத்தை அது காட்டாது. விளிம்பைத் தொடாமல் நடுவில் இருக்கும் நோயும் அகப்படாது. தோலுக்கடியில் காற்று பரவியிருந்தால் ஒன்றுமே தெரியாது.

ஊதிப்போனதைக் கட்டிலிலேயே காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. ஈ.ஐ.டி. என்பார்கள். மார்பைச் சுற்றி ஒரு பெல்ட், அதில் 16 அல்லது 32 மின்முனைகள். உணரவே முடியாத அளவு மின்சாரம் செலுத்தி, அது உடலுக்குள் எங்கே தடைபடுகிறது என்று அளக்கிறது. காற்று மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால், ஒவ்வொரு மூச்சும் நுரையீரலில் எங்கே போகிறது என்பது திரையில் நிறமாக ஓடும். கதிர்வீச்சு கிடையாது. மல்லாந்து இருக்கும்போது முன்பக்கம் மட்டும் ஒளிர்ந்து, திருப்பிய பிறகு முதுகுப்பக்கமும் மெல்ல ஒளிர ஆரம்பிப்பதைப் பார்ப்பது தனி சந்தோஷம். பீப்பை ஏற்றி இறக்கி, எந்த அளவில் மூடலும் ஊதலும் இரண்டுமே குறைவு என்று தேடலாம். மல்லாந்த நிலையில் பொருந்திய பீப் குப்புறத் திருப்பிய பிறகும் பொருந்த வேண்டும் என்று இல்லையே. படம் திருப்பிய பிறகு உதவுகிறது என்று நான் சொல்வது இதைத்தான். ஆனால் ஈ.ஐ.டி. நுரையீரலின் ஒரு குறுக்குத் துண்டை மட்டுமே பார்க்கும், பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குப் போடுவதில்லை, எல்லா ஐ.சி.யூ.விலும் இருக்கும் பொருளும் இல்லை. உங்கள் அப்பா இருக்கும் இடத்தில் இல்லையென்றால் அதற்காக மருத்துவமனை மாற்ற வேண்டாம்.

படமும் சரி, எண்ணும் சரி, ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றும். திருப்பியதும் ஆக்சிஜன் ஏறினால் எல்லோருக்கும் நிம்மதி. ஏறாவிட்டால், ‘இவருக்கு இது ஒத்துவரவில்லை, திருப்பி மல்லாக்கப் போடு’ என்று சொல்லத் தோன்றும். ப்ரோசேவா நோயாளிகளின் கணக்கை 2014இல் மறுபடி பிரித்துப் பார்த்தபோது, ஆக்சிஜன் ஏறியதற்கும் பிழைத்ததற்கும் தொடர்பு தெரியவில்லை. நன்மை வந்தது நுரையீரல் கிழியாமல் தப்பியதால் என்றுதான் அதைப் புரிந்துகொள்கிறோம். அதனால் முதல் நாள் சாச்சுரேஷன் ஏறவில்லை என்று மனமுடைய வேண்டாம். டாக்டரையும் ‘வேண்டாம், பழையபடி போடுங்கள்’ என்று நெருக்க வேண்டாம்.

சி.டி. எப்போது வேண்டும் என்றால், கதை எதிர்பார்த்தபடி போகாதபோது. ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் முன்னேற்றம் இல்லை, மூளையிலோ வயிற்றிலோ வேறு சந்தேகம், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்ற கேள்வி, நுரையீரல் தழும்பாகிச் சுருங்கிவிட்டதா என்ற கேள்வி. அப்போது லிஃப்ட் பயணத்தின் ஆபத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

எக்மோ பற்றியும், அதாவது ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம் பற்றியும், சித்தப்பா கேட்கக்கூடும். 2016 டிசம்பரிலும் 2020 செப்டம்பரிலும் செய்திகளில் அடிபட்டு, சென்னையில் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லாகிவிட்டது அது. குப்புறப் போடுவதை முறையாக முயன்ற பிறகும் தேறாதவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு வர வேண்டும்.

ஸ்க்ரப் டைபஸ் என்பதால் ஒரு நல்ல செய்தி: இதற்கு மருந்து இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று தெரிந்தது. மருந்து வேலை செய்யும்வரை நுரையீரல் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் குப்புறப் படுக்கை.

நாளை டாக்டரைப் பார்க்கும்போது ‘ஏன் சி.டி. எடுக்கவில்லை’ என்று ஆரம்பிக்காமல் இவற்றைக் கேளுங்கள். பி.எஃப். விகிதம் திருப்பும் முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு? எத்தனை மணி நேரம் குப்புற வைக்கிறீர்கள்? திருப்பிய பிறகு பீப்பை மாற்றினீர்களா, எதைப் பார்த்து? எப்போது நிறுத்துவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ப்ரோசேவாவில் வைத்த அளவுகோல், மல்லாக்கப் போட்டு நான்கு மணி நேரம் கழிந்தும் 60 சதவீதத்துக்கு மேற்படாத ஆக்சிஜனிலும் 10க்கு மேற்படாத பீப்பிலும் விகிதம் 150க்குக் குறையாமல் நிற்பது. உங்கள் டாக்டர் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லலாம், அதில் தவறில்லை.

அப்புறம், அம்மாவை உள்ளே அழைத்துப் போகும் முன் சொல்லி வையுங்கள். அப்பாவின் முகமும் கண்ணிமையும் உதடும் வீங்கியிருக்கும். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, நீந்துகிறவர் போலக் கிடப்பார். கண்ணை மூடி டேப் ஒட்டியிருப்பார்கள், மூக்கில் ரைல்ஸ் ட்யூப் வழியாக உணவு போய்க்கொண்டிருக்கும். மூச்சு முட்டுமே என்று அம்மா பதறுவார். முழு மயக்கத்தில் இருக்கிறார், அவருக்குத் தெரியாது. வீக்கம் மல்லாக்கப் போட்ட பிறகு மெல்ல வடியும். தாடையிலும் நெற்றியிலும் புண் வராமல் இருக்க நர்ஸுகள் இரண்டு மணிக்கு ஒரு தரம் தலையைத் திருப்பி வைப்பார்கள். அந்த நேரத்தில் உங்களை வெளியே நிற்கச் சொன்னால் நின்றுவிடுங்கள்.